பப்பாளி: விதை போட்டதிலிருந்து பழம் பறிக்கிற வரை, எங்கே கெட்டது என்று பார்க்கும் வழி

மதுரையில் மேலூர் ரோட்டுப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். அதில் பல வருஷமாகப் பப்பாளி நாற்றுப் போட்டுக் கொடுக்கிறேன். நாற்று விற்ற நேரத்தைவிட ஃபோனில் பேசிய நேரம்தான் அதிகம். "அக்கா, நீங்க குடுத்த கன்னு தலையைத் தொங்கப் போட்டுருச்சு", "மதினி, பூவா கொட்டுது, ஒரு பிஞ்சையும் காணோம்". கேட்கிற ஆள் மாறுகிறார்களே தவிர, கேள்வி பத்துக்கு மேல் போனதில்லை. அந்தப் பத்துக்கும் நான் ஃபோனில் சொல்கிற பதிலைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் மரத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். முதல் காரணத்திலேயே பிடிபட்டுவிட்டால் அதற்கு மேல் படிக்க வேண்டாம். இன்னொன்று: பப்பாளி தென்னையோ மாவோ இல்லை. நட்ட ஒன்பது பத்து மாதத்தில் பழம் தரும், மூன்றாவது வருஷம் கிழடு தட்டிவிடும். மருந்துக்கடையில் ஒரு பாட்டிலுக்குக் கொடுக்கிற காசில் ஒரு வரிசைக் கன்று வாங்கிவிடலாம். அதனால் சில இடங்களில் "வெட்டிப் போடுங்கள்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

## மூன்று வாரமாச்சு, ஒன்றுமே முளைக்கவில்லை

முதலில் நாளை எண்ணுங்கள். சித்திரை, வைகாசியில் போட்டது இரண்டு வாரத்தில் தலைகாட்டும். மார்கழி, தையில் போட்டது நான்கு வாரம் எடுக்கும், சிலது ஐந்தாவது வாரம் வரும். எங்கள் சித்தப்பா ஒருவர் இருபதாம் நாள் பொறுமை போய்ப் பைகளைக் குப்பையில் கொட்டினார். பத்து நாள் கழித்துக் குப்பைமேட்டில் முப்பது கன்று நின்றது.

நாள் தாண்டியது நிஜம் என்றால் ஒரு பையைக் கிளறி விதையை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் நசுக்கிப் பாருங்கள்.

விதையையே காணோம் என்றால் எறும்போ எலியோ எடுத்திருக்கும். அல்லது பூவாளி இல்லாமல் மக்கில் அள்ளி ஊற்றியதில் மேலே வந்து அடித்துப் போயிருக்கும். பையைச் சுற்றி வேப்பம் பிண்ணாக்கைத் தூவி, மறுபடி போடுங்கள்.

விதை கெட்டியாக இருந்து, மேலே காய்ந்த சவ்வு ஒட்டியிருக்கிறதா? அதுதான் காரணம். பப்பாளி விதையைச் சுற்றி ஜவ்வரிசி வெந்தது மாதிரி வழுவழுப்பாக ஓர் உறை இருக்கிறதே, அது முளைப்பை அடக்கி வைக்கும். பழத்திலிருந்து எடுத்ததும் அடுப்புச் சாம்பலைப் போட்டுக் கையால் பிசைந்து தேய்த்து, நீரில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் விதையும் சேர்ந்து செத்துவிடும். சவ்வு போன பிறகு தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்துவிடுங்கள். சவ்வோடு போட்டுப் பார்த்தால் கணக்குத் தப்பும்.

நசுக்கினால் உள்ளே வெள்ளைப் பருப்பு இல்லாமல் பழுப்புத் தூளாக வருகிறது என்றால் பழைய விதை, இல்லாவிட்டால் பாதி முற்றிய பழத்தில் எடுத்த விதை. டப்பாவில் போன வருஷம் போட்டு வைத்ததை நம்பாதீர்கள்.

கூழாகிவிட்டதென்றால் தண்ணீர் அதிகம் அல்லது ஆழம் அதிகம். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும், அதாவது உங்கள் சுண்டுவிரல் நகம் புதைகிற அளவு. பைக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டை போடாமல் மண் நிரப்பிய நாற்பது பை என் வீட்டிலேயே ஒரு வருஷம் சேறாகக் கிடந்தது.

இந்த வேலைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். இரண்டு முறை போட்டும் வரவில்லை என்றால் அங்காடி விதையை விட்டுவிட்டு, ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ கேட்டு ரகம் தெரிந்த விதை வாங்குங்கள்.

### விதை பப்பாளி விதை மாதிரியே இல்லையே?

இதுவும் வருகிறது. ஒரு தம்பி ஆன்லைனில் 'பாபா' (pawpaw) என்று போட்டிருந்ததை வாங்கி, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிவிட்டு எனக்குப் படம் அனுப்பினான். மிளகு மாதிரி இருக்க வேண்டிய விதை, சீத்தா விதையைத் தட்டி அகலமாக்கினது மாதிரி பழுப்பாக இருந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இரண்டு மரத்துக்கு இருக்கிறது. ஒன்று நம் பப்பாளி. இன்னொன்று வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் காட்டு மரம், சீத்தா குடும்பம், அசிமினா என்று பெயர். அந்த விதை காய்ந்தாலே உயிர் போய்விடும். ஈரத்தோடு மூன்று மாதத்துக்கு மேல் ஃபிரிட்ஜ் குளிரில் இருந்தால்தான் முளைக்கும். முளைத்தாலும் காய்க்கப் பல வருஷம் ஆகும், அதுவும் பனிக்காலம் கேட்கிற மரம். மதுரையில் அதற்குப் பனிக்காலத்துக்கு எங்கே போவது? பையைக் காலி செய்துவிட்டுப் பப்பாளியைப் போடுங்கள்.

## முளைத்த கன்று கழுத்தில் மடங்கிச் சாய்கிறது

காலையில் நின்றது, சாயங்காலம் படுத்துவிட்டது. மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு நூல் மாதிரி சுருங்கி, தொட்டால் ஈரமாக இருக்கிறதா? நாற்றழுகல். சாய்ந்தது பிழைக்காது, பிடுங்கிப் போடுங்கள். மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை.

இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். பைகள் நெருக்கமாக இருந்தால் ஒரு விரல் இடைவெளி விட்டு நகர்த்தி, காற்றுப் போக விடுங்கள். சாயங்காலம் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். ராத்திரி முழுக்கக் கழுத்து ஈரமாக இருப்பதுதான் வினை. பாதிப் பேருக்கு இத்தோடு நின்றுவிடும்.

நிற்காவிட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண் நனைகிற மாதிரி ஊற்றுங்கள். அடுத்த முறை விதைக்கும்போதே ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூசணம்) என்ற கணக்கில் புரட்டிப் போட்டால் இந்தத் தொல்லை குறையும். வீட்டுக்குப் பத்து விதை போடுகிறவர் ஒரு சிட்டிகை எடுத்தால் போதும்.

கன்று சாயவில்லை, ஆனால் இலை ஓரம் கருகுகிறது, பை மண்ணின் மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது என்றால் அது நோயில்லை. போர்த் தண்ணீர். நம் பக்கம் பல போரில் பாத்திரம் வைத்தாலே வெள்ளை படிகிறது. வளர்ந்த பப்பாளி ஓரளவு தாங்கும், கன்று தாங்காது. முதல் இரண்டு மாதம் குழாயில் வருகிற குடிதண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். கன்று நெட்டையாக வெளிறிப் போனால் நிழல் கூடுதல். அதற்கு வேறு விளக்கம் வேண்டாம், வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள்.

## எடுத்து நட்டபின் வாடுகிறது

மதியம் வாடி, சாயங்காலம் நிமிர்கிறது என்றால் சும்மா விடுங்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். வெயில் அடிக்கிற பக்கம் இரண்டு பனையோலையோ தென்னங்கீற்றோ சொருகினால் போதும். வாடுகிறதே என்று பதறி மூன்று வேளை ஊற்றுகிறவர்கள்தான் கன்றைக் கொல்கிறார்கள்.

காலையிலும் நிமிரவில்லை என்றால் வேர் அடிபட்டிருக்கிறது. பையைக் கிழிக்காமல் தண்டைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். பப்பாளிக்கு ஆணிவேர் அறுந்தால் மறுவாழ்வு கிடையாது. பையைப் பிளேடால் நெடுக்கக் கிழித்து, மண்கட்டி உடையாமல் வைக்க வேண்டும். 45 முதல் 60 நாள் கன்றுதான் நடுவதற்குச் சரி. மூன்று மாதம் பையிலேயே கிடந்த கன்றில் வேர் பைக்குள் வட்டம் சுற்றியிருக்கும். அது நட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். நர்சரியில் உயரமான கன்றைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். குட்டையாக, தண்டு பென்சில் கனத்தில் இருப்பதை எடுங்கள்.

நட்ட மாதம் என்ன? எங்களுக்கு ஆனியிலிருந்து ஆவணி வரை நட்டதுதான் நன்றாக நிற்கிறது. ஐப்பசி அடைமழையில் நட்டது வேர் பிடிக்குமுன் அழுகும். ஆடியில் நடுகிறவர்கள் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள். உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் அடிக்கிற மேற்குக் காற்று அம்மியை நகர்த்தாவிட்டாலும் பப்பாளியைச் சாய்க்கும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. மரத்துக்கு மரம் ஆறடி. பத்துக் கிலோ தொழு உரம். இதில் குறை வைத்தால் பின்னால் எந்த டானிக்கும் ஈடு செய்யாது.

நன்றாகத் தண்ணீர் விட்டும் இரண்டு மாதமாக அதே உயரத்தில் நிற்கிறது என்றால் ஒரு கன்றைத் தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் மணி கோத்தது மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த இடத்தில் முன்பு தக்காளி, கத்தரி, வெண்டை போட்டிருந்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் "ஆமா" என்பார்கள். வீட்டில் ஒன்றிரண்டு மரம் என்றால் இடத்தை மாற்றுங்கள். குழிக்குக் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கு, சுற்றிச் செண்டுமல்லி. ஏக்கர் கணக்கில் நட்டிருந்தால் இது உங்கள் கையை மீறின விஷயம். வேர், மண் இரண்டையும் ஈரத்தோடு பையில் கட்டி ஒத்தக்கடையில் கல்லூரி வளாகத்திலேயே இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

## நன்றாக இருந்த மரம் திடீரென்று தொங்குகிறது, அடித்தண்டு அழுகுகிறது

எனக்கு வருகிற ஃபோனில் பாதி இதுதான், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில். காயோடு நிற்கிற மரம். இலை மஞ்சளாகித் தொங்கும், உச்சி இலை மட்டும் குடைக்காம்பு மாதிரி மிஞ்சும், ஒரு நாள் காற்றில் தரையோடு முறிந்து விழும். உள்ளே பார்த்தால் தேன்கூடு மாதிரி நார்நாராக இருக்கும்.

அது நடப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். குனிந்து, மண்ணோடு ஒட்டின இடத்தில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாக இருந்து பால் கசிந்தால் மரம் நலம். பழுப்பாக, தண்ணீர் கோத்த மாதிரி இருந்து, அழுகின முட்டைக்கோஸ் வாடை வந்தால் தண்டழுகல். சுற்றிலும் நான்கு இடத்தில் சுரண்டுங்கள். எத்தனை பக்கம் பழுப்பு என்பதுதான் அடுத்த வேலையை முடிவு செய்யும்.

ஒரு பக்கம், அதாவது சுற்றளவில் பாதிக்கும் கீழே என்றால் காப்பாற்றலாம். கத்தியால் அழுகலைச் சுத்தமாக வழித்தெடுத்து, நல்ல தசை தெரியும்வரை சுரண்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தோசைமாவுப் பதத்தில் குழைத்துப் பூசுங்கள். அதே மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. பப்பாளிப் பால் கண்ணில் படக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பாதியைத் தாண்டிவிட்டது என்றால் முற்றின காயைப் பறித்துக்கொண்டு மரத்தை வேரோடு எடுங்கள். அந்தக் குழியில் உடனே இன்னொரு பப்பாளி வைக்காதீர்கள்.

காரணம் பூசணம்தான், ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிடுவது தண்ணீர். நம் ஊரில் எல்லா மரத்துக்கும் நடுவில் மரம், சுற்றிக் குழி என்று தொட்டி மாதிரி பாத்தி கட்டுகிறோம். பப்பாளிக்கு அது தூக்குக்கயிறு. வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும், கதை முடிந்தது. அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைத்து மேடாக்குங்கள். அந்த மேட்டுக்கு வெளியே, மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வாய்க்கால். தண்ணீர் அந்த வாய்க்காலில்தான் போக வேண்டும், தண்டில் படவே கூடாது. ஐப்பசி பிறப்பதற்குள் வாய்க்காலின் ஒரு பக்கத்தை வெட்டி வடிய விடுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் தண்ணீர் இறங்காது. அங்கே தரையில் நடுவதே தப்பு, ஓரடி மேட்டுப்பாத்தி போட்டு அதன் மேல் நடுங்கள். அழகர்கோவில் பக்கத்துச் செம்மண்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள்.

ஒரே வாரத்தில் மூன்று நான்கு மரம் சாய்ந்தால் நீங்களே மருந்து மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். தோட்டக்கலைத் துறையின் உதவி அலுவலர் உங்கள் ஊருக்கு எப்போது வருகிறார் என்பது தமிழக அரசின் உழவன் செயலியில் (மொபைல் ஆப்) இருக்கும். அவர் வருகிற நாளில் ஒரு மரத்தை வெட்டாமல் வைத்திருந்து காட்டுங்கள்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள்.

அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுந்தால் வயசு. விடுங்கள். அடியிலிருந்து வரிசையாக ஏழெட்டு இலை வெளிறினால் பசி. நட்ட மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 50 கிராம் கிடைக்கும்படி உரம் வைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். உரமாக எடை போட்டால் யூரியா மட்டும் 110 கிராம் வரும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி வைத்து மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள்.

மேல் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. ஒரு பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சோடா மாதிரி பொங்கினால் சுண்ணாம்பு மண், சுக்கான் கலந்தது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூட ஒரு கிராம் சிட்ரிக் அமிலம், சாயங்காலத்தில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் விட்டு மறுபடி. மண்ணைச் சரி செய்ய வேண்டுமென்றால் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சீட்டு வாங்கின பிறகு செலவழியுங்கள்.

மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தேமல் விழுந்திருந்தால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

## இலை தேமல் விழுந்து, நூல் மாதிரி குறுகிச் சிதைகிறது

இங்கேதான் ஆட்கள் அதிகக் காசைக் கரைக்கிறார்கள். மூன்று காரணம் உண்டு, மூன்றும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி தெரியும்.

முதல் கேள்வி: போன மாதம் பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்தார்களா? 2,4-டி காற்றில் வந்து பட்டால் பப்பாளி இலை அப்படியே செருப்பு வார் மாதிரி குறுகிவிடும். அந்தச் சமயம் விரிந்த நான்கைந்து இலை மட்டும் கெட்டிருக்கும், அதற்கு மேலே வருவது நல்ல இலையாக வரும். தண்ணீர் விட்டுக் காத்திருங்கள், மருந்து வேண்டாம். மருந்து தெளிக்கிற டப்பாவை இரவல் வாங்கியிருந்தால் அதில் முன்பு என்ன ஊற்றினார்கள் என்றும் விசாரியுங்கள்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். குருத்து இலை மட்டும் நகம் மாதிரி வளையும், அடிப்பக்கம் பித்தளை நிறம் ஏறும். நகைக்கடைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊர்வது தெரியும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த பிறகு. மதுரை மதியத்தில் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும்.

மூன்றாவதுதான் வளையப்புள்ளி நச்சுயிரி, அதாவது வைரஸ். அடையாளம் இலையில் தேடாதீர்கள், காம்பில் தேடுங்கள். இளம் இலைக்காம்பை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினால், எண்ணெய் வழிந்து காய்ந்த மாதிரி கரும்பச்சைக் கோடுகள் நீளநீளமாக இருக்கும். தண்டின் மேல்பாகத்திலும் இருக்கும். காய் இருந்தால் அதில் நாணயம் பதித்தது போல வளையம் வளையமாகப் புள்ளி. இவை இருந்தால் இது அதுதான்.

இதற்கு மருந்து கிடையாது. கடையில் "வைரஸுக்கு" என்று ஏதாவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரு வருஷம் எங்கள் வீட்டு மூன்று மரத்துக்கு நானே இரண்டு மாதம் மாற்றி மாற்றி அடித்தேன். மூன்றும் போனதோடு, பக்கத்தில் நல்லாயிருந்த நான்காவதும் போனது. நச்சுயிரியைப் பரப்புவது அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. அது ஒரு செடியில் ஊசியைக் குத்தி எடுக்கிற சில நொடிக்குள் நோயை வாங்கி அடுத்த செடியில் இறக்கிவிடுகிறது. நாம் அடிக்கிற பூச்சிமருந்து அதைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும்.

பூப்பதற்கு முன் வந்தால் அன்றைக்கே பிடுங்குங்கள். பாதி வளர்ந்த காய் இருக்கிற மரம் தனியாக நின்றால் அந்தக் காய்களை எடுத்துவிட்டு வெட்டலாம். பழத்தைச் சாப்பிடலாம், மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, இனிப்புத்தான் குறையும். பக்கத்தில் வேறு பப்பாளி நின்றால் காய்க்கு ஆசைப்படாதீர்கள்.

விதை வழியாக இது பரவாது. அதனால் நோய் மரத்துப் பழ விதையைப் பயந்து எறிய வேண்டியதில்லை, நாற்றை மட்டும் கொசுவலைக்குள் வளர்த்தால் போதும். நடுவதற்கு முன்பே தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டால் அசுவினி அதில் இறங்கி வாயைத் துடைத்துக்கொண்டு வரும். பூசணி, பாகல், வெள்ளரிக் கொடியைப் பப்பாளிக்குப் பக்கத்தில் ஏற்றாதீர்கள்.

இலை குறுகாமல், கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி கீழ்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்திருந்தால் அது இலைச்சுருட்டை. வெள்ளை ஈ கொண்டுவருவது. முடிவு ஒன்றுதான், பிடுங்க வேண்டும்.

## வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது

மாவுப்பூச்சி. நம் நாட்டில் இதை 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடித்தார்கள். இரண்டே வருஷத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. அந்தக் குளவியின் வம்சம் இன்னும் வெளியே உலவுகிறது, அதனால் கடும் பூச்சிமருந்து அடித்து அதைக் கொல்லாமல் இருப்பதே முதல் வைத்தியம்.

கொஞ்சமாக இருந்தால் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். அடுத்தது வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு துளி காதி சோப்பு. மரத்தில் எறும்பு சாரை போகிறதா பாருங்கள். எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல்காரன். எறும்பைத் தடுத்தால் பூச்சிக்குப் பாதி பலம் போய்விடும். தோட்டம் முழுக்க வெள்ளையாகிவிட்டதென்றால் ஒட்டுண்ணிக் குளவி கிடைக்குமா என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

## பூக்கிறது, காய்க்கவில்லை

பூ எப்படித் தொங்குகிறது? இரண்டடி மூன்றடி நீளக் காம்பில் கொத்துக் கொத்தாக மல்லிகைச் சரம் மாதிரி தொங்கினால் ஆண் மரம். தண்டை ஒட்டி, இலைக்கணுவில் ஒன்றிரண்டாகப் பருத்து உட்கார்ந்திருந்தால் பெண். அதே கணுவில் கொஞ்சம் ஒல்லியாக, நீளமாக இருந்தால் இருபால் பூ.

ஆண் மரம் காய்க்காது. ஆணி அடித்தால் காய்க்கும், பழைய செருப்பைக் கட்டினால் காய்க்கும் என்பார்கள். சில ஆண் மரம் பருவம் மாறும்போது தானாகவே நாலைந்து காய் விடுவதுண்டு. அன்றைக்கு ஆணிக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

என் கதையைக் கேளுங்கள். ஆரம்பத்தில் ஒரு வருஷம் உருண்டையான நாட்டுப் பழம் ஒன்று தேன் மாதிரி இனித்ததென்று அதன் விதையில் கன்று போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தேன், வீட்டுக்கு ஒன்று. பாதி வீட்டில் ஆண் மரம். எதிர்வீட்டு மதினி இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "உன் மரம் இந்த வருஷமாவது பிள்ளை பெறுமா?" என்பார். அவர் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. நாட்டு ரகத்திலும், கோ 2, கோ 8 போன்ற ரகத்திலும் ஆணும் பெண்ணும் சரிபாதி. ஒரு குழியில் நான்கு கன்று வைத்தால் ஒன்றாவது பெண்ணாக இருக்க பதினாறில் பதினைந்து பங்கு வாய்ப்பு. பூத்த பிறகு ஒன்றை விட்டு மற்றதை எடுக்க வேண்டும். இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் போதும்.

இந்தத் தலைவலி வேண்டாமென்றால் கோ 3, கோ 7, ரெட் லேடி மாதிரி இருபால் ரகத்துக்குப் போங்கள். மாட்டுத்தாவணியில் வாங்கின பழத்திலிருந்தே விதை எடுப்பதானால், உருண்டையை விட்டு நீளமான பழத்தை எடுங்கள். நீளப் பழம் இருபால் மரத்தில் வந்தது. தன் மகரந்தத்திலேயே காய்த்திருந்தால், அதன் விதையில் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண், ஆண் வராது. குழிக்கு மூன்று வைத்தால் போதும். ரெட் லேடி வீரிய ஒட்டு என்பதால் அடுத்த தலைமுறையில் உயரமும் ருசியும் கலந்தடித்துத்தான் வரும். வீட்டுக்கு அது பரவாயில்லை. விற்க நடுகிறவர்கள் பாக்கெட் விதை வாங்குங்கள்.

பெண் மரம்தான், ஆனால் பிஞ்சு கொட்டுகிறது என்றால் பக்கத்தில் மகரந்தம் கொடுக்க மரம் இல்லை. அல்லது தண்ணீர் ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் பாய்ச்சல் என்று போகிறது.

இருபால் மரம், போன தையில் காய்த்தது, சித்திரை வைகாசியில் மட்டும் வெறும் பூ என்றால் ஒரு பூவைப் பறித்துப் பிளேடால் நெடுக்க வெட்டிப் பாருங்கள். நடுவில் சின்னச் சுரைக்காய் மாதிரி சூல்பை இருக்க வேண்டும். அது ஊசி மாதிரி சூம்பியிருந்தால் வெயிலில் அந்தப் பூ ஆணாகிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் எந்த மரம்தான் சுகமாக இருக்கும்? மரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியில் சருகோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போட்டுத் தண்ணீரைக் குறைக்காமல் கொடுங்கள், மழை இறங்கினதும் பிஞ்சு பிடிக்கும். இதனால் தண்டில் காய் இல்லாமல் ஓரடி இடைவெளி விழும், அது அப்படியே இருக்கும்.

## காய் கோணலாக, முடிச்சு முடிச்சாக இருக்கிறது

காயின் மேலே தானாகப் பால் கசிந்து காய்ந்து, தோல் மேடுபள்ளமாக இருந்தால் போரான் குறை. நட்ட நான்காம் மாதமும் எட்டாம் மாதமும் லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், ஒரு கிராம் போரிக் அமிலம் கலந்து தெளித்தால் அடுத்து வருகிற காய் சரியாக வரும். இருக்கிற காய் திருந்தாது. போரானை அளவு மீறிப் போட்டால் அதுவே நஞ்சு, கண்ணளவாகப் போடாதீர்கள்.

இரண்டு மூன்று காய் மட்டும் பூனை மூஞ்சி மாதிரி பிளந்து மடிந்திருந்தால், பூ உருவான நேரத்தில் குளிர். பறித்துப் போடுங்கள்.

## பழம் சப்பென்று இருக்கிறது

மரம் நிழலில் நின்றாலும், பறிப்பதற்கு முந்தின வாரம் மழையோ தண்ணீரோ அதிகமானாலும் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அவசரப்பட்டுப் பறித்ததுதான் காரணம். காயின் நுனியில் மஞ்சள் கோடு ஒன்று விழவேண்டும். காயை லேசாகக் கீறினால் கெட்டிப்பால் வராமல் தண்ணீர்ப்பால் வர வேண்டும். அதற்கு முன் பறித்துச் செய்தித்தாளில் சுற்றி அரிசிப்பானைக்குள் வைத்தால் நிறம் வரும், இனிப்பு வராது. மஞ்சள் கோடு விழுந்த அன்றைக்கே காயைச் சுற்றிப் பழைய சேலைத் துணியைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அணில்தான் முதலில் ருசி பார்க்கும்.